வேதாளம் கேட்ட கேள்வியும் தீராத வீட்டுச் சண்டையும்

"தமிழ்ல ஹாரி பாட்டர் மாதிரி ஒரு மாயாஜால சீரிஸ் சொல்லுங்களேன், பசங்களுக்கு வாங்கித் தரணும்"னு யாராவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. என் பதில் எப்பவும் ஒண்ணுதான். விக்கிரமாதித்தன் கதை. அதுலயும் குறிப்பா வேதாளம் கதை சொல்ற பகுதி. கேட்டவங்க முகம் போற போக்கைப் பார்க்கணுமே! "அது அம்புலிமாமா கதைங்க, நாங்க சீரியஸா கேட்கறோம்"ம்பாங்க.

நானும் சீரியஸாத்தான் சொல்றேன். ஹாரி பாட்டர் 1997இல் ஆரம்பிச்சு 2007இல் 7 புத்தகத்தோட முடிஞ்சது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் 1954, 1955இல் மூணு பாகமா வந்தது. நம்ம வேதாளத்துக்கு எழுத்தில் கிடைக்கிற வயசே ஆயிரம் வருஷத்தை ஒட்டி. இத்தனை நாளா ஒரு தொடர் ஓடுதுன்னா அதுல ஏதோ சரக்கு இருக்கணும் இல்லையா? அது என்னன்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு. ஏற்காட்டுல உட்கார்ந்துக்கிட்டு இதை ஏன் எழுதறேன்னா, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. கடைசியில வரேன்.

முதல்ல கதை

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. ஒரு சாமியார் தினமும் ராஜாவைப் பார்க்க வந்து ஒரு பழம் கொடுத்துட்டுப் போறார். ராஜா அதை வாங்கிப் பக்கத்துல இருக்கிற பொக்கிஷக்காரன்கிட்ட கொடுத்துடறார். ஒருநாள் அந்தப் பழம் ஒரு குரங்கு கையில சிக்குது, அது கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் விழுது. அப்பதான் தெரியுது, இத்தனை நாள் வந்த பழம் எல்லாத்துலயும் ரத்தினம். ராஜா அசந்துபோய் "உமக்கு என்ன வேணும்?"னு கேட்க, "ராத்திரி சுடுகாட்டுக்கு வா, அங்க மரத்துல தொங்கற பிணத்தை எடுத்துட்டு வா"ங்கறார் சாமியார்.

பிணத்துக்குள்ள வேதாளம். தோள்ல தூக்கிப் போட்டு நடந்தா அது கதை சொல்லும். கதை முடிவுல ஒரு கேள்வி. பதில் தெரிஞ்சும் வாயைத் திறக்கலைன்னா ராஜா தலை சுக்குநூறா வெடிச்சிடும். வாயைத் திறந்தாலோ மௌனம் கலைஞ்சது, வேதாளம் பறந்து போய் மறுபடி மரத்துல தொங்கும். திரும்ப முதல்லேர்ந்து.

இந்த இக்கட்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முட்டாளா இருந்தா பிரச்னையே இல்லை, முதல் நடையிலேயே வேலை முடிஞ்சிடும். பதில் தெரிஞ்சதுதான் இந்த ராஜாவுக்குத் தொந்தரவு. உண்மையைச் சொன்னா உழைப்பு போச்சு, சொல்லாட்டி தலை போச்சு. ஆபீஸ்ல வேலை பார்க்கிற யாருக்கும் இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன் :-)

எரிஞ்சது போக மீந்தது

இந்தக் கதைகள் நமக்குக் கிடைக்கிற பெரிய நூல் 'கதாசரித்சாகரம்'. 11ஆம் நூற்றாண்டுல காஷ்மீர் ராணி சூர்யமதிக்காக சோமதேவர் சமஸ்கிருதத்துல எழுதினது. 20,000 செய்யுளுக்கு மேல. அதுக்கும் மூலம்னு அவரே சொல்றது குணாட்யர் எழுதின 'பிருஹத்கதை'. பைசாச மொழியில எழுதப்பட்டதுன்னு சொல்வாங்க. அந்த மூல நூல் இன்னைக்கு இல்லை. தொலைஞ்சே போச்சு.

எப்படித் தொலைஞ்சதுங்கறதுக்கு சோமதேவர் ஒரு கதை சொல்றார். என்னைக் கேட்டா மொத்த புத்தகத்துலயும் இதுதான் மாஸ்டர் பீஸ். குணாட்யர் காட்டுல உட்கார்ந்து, மசி கிடைக்காம தன் ரத்தத்தாலயே 7 லட்சம் செய்யுள் எழுதி சாதவாகன ராஜாவுக்கு அனுப்பறார். ராஜாவுக்குப் பாஷை பிடிக்கலை. பேய்கள் பேசற பாஷை, அதுவும் ரத்தத்துல எழுதினது, தூக்கிட்டுப் போங்கடான்னு திருப்பி அனுப்பிடறார். மனசு உடைஞ்ச குணாட்யர் ஒரு மலை மேல ஏறி, தீ மூட்டி, ஒவ்வொரு ஏடா வாசிச்சு வாசிச்சு அதுல போடறார். கேட்கறதுக்கு மனுஷங்க இல்லை. மானும் பன்னியும் பறவையும்தான் சுத்தி நின்னு கண்ணீர் விட்டுக் கேட்குது. மேய்ச்சலையே மறந்துடுச்சு.

அரண்மனையில ராஜாவுக்கு உடம்பு சரியில்லை. என்னன்னு விசாரிச்சா, கறியில சத்தே இல்லையாம். ஏன் இல்லை? மிருகம் எல்லாம் தின்னாம கதை கேட்டுக்கிட்டு நிக்குது! விஷயம் தெரிஞ்சு ராஜா ஓடி வர்றதுக்குள்ள 6 லட்சம் செய்யுள் சாம்பல். மீந்தது 1 லட்சம்.

இலக்கிய விமர்சகர்கள் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கொடுக்க முடியாது. பசியை மறக்க வைக்கிற கதை. கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. கேட்க ஆள் இல்லைன்னா கதை எரிஞ்சிடும்.

நம்ம கொங்கு நாட்டுப் பங்கு

இங்கதான் நம்ம ஊர்ப்பக்கம் உள்ள வருது. அந்தப் பிருஹத்கதை மரபைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் கொங்குவேளிர். நூல் பேரே 'பெருங்கதை'. அவர் ஊர்னு மரபாச் சொல்றது விஜயமங்கலம், ஈரோடு பக்கம். சேலத்துல பஸ் ஏறினா அரை நாள் கூட ஆகாது. உ.வே.சாமிநாதையர் 1924இல் பெருங்கதையை அச்சுல கொண்டு வந்தப்ப நூலோட ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. கிடைச்ச ஏட்டுல இருந்ததைத்தான் பதிப்பிக்க முடிஞ்சது. குணாட்யரோட தீ இங்கயும் கொஞ்சம் பிடிச்சிருக்கு போல.

ஒண்ணு சொல்லிடறேன். பெருங்கதை முழுக்க உதயணன் கதை. வேதாளத்தை அதுல தேடாதீங்க. வேதாளம் தமிழுக்கு வந்தது வேற வழியில, வாய்மொழியாவும் உரைநடையாவும்.

வந்த இடத்துல அது ஊர்க்காரனாவே மாறிடுச்சு. சோமதேவர் புத்தகத்துல வேதாளம் தொங்கறது சிம்சபா மரத்துல. தமிழ்ல அது முருங்கை மரம்! கொல்லைப்புறத்துல நிக்கிற மரம், கீரைக்கும் காய்க்கும் தினமும் நாம ஒடிக்கிற மரம். பேய் இருக்கிற இடம் எங்கயோ உஜ்ஜயினி சுடுகாடு இல்லை, உன் வீட்டுக் கொல்லைன்னு ஆனதும் கதைக்கு ஒரு புது பயம் வந்துடுச்சு. அடங்காத ஆளைப் பார்த்து "வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சு"ன்னு சொல்ற அளவுக்கு அது பேச்சு மொழியிலயே குடியேறிடுச்சு.

ராஜா பேரும் மாறியிருக்கு. சோமதேவர் சொல்ற ராஜா திரிவிக்கிரமசேனன். நம்ம ஆளுக்கு விக்கிரமாதித்தன், கூடவே மதிமந்திரி பட்டி. தமிழ்க் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே பட்டியோட கணக்குதான். இந்த சிம்மாசனத்துல உட்கார்ந்து ஆயிரம் வருஷம் ஆளுன்னு இந்திரன் விக்கிரமாதித்தனுக்கு வரம் கொடுக்கறான். பட்டிக்கோ காளி கொடுத்தது 2000 வருஷம். அண்ணன் முன்னாடி போயிட்டா தம்பி என்ன பண்றது? பட்டி யோசிக்கிறான். சிம்மாசனத்துல உட்கார்ந்திருக்கிற காலம்தானே கணக்கு? அப்ப 6 மாசம் நாட்டை ஆளு, 6 மாசம் காட்டுல சுத்து. ஆயிரம் ரெண்டாயிரம் ஆச்சு! நாடாறு மாதம் காடாறு மாதம். வக்கீலுக்குப் படிச்சிருந்தா பட்டி எங்கயோ போயிருப்பான். அதோட, அந்தக் காட்டு 6 மாசத்துலதான் சாகசம் எல்லாம் நடக்குது. சீரிஸை எத்தனை வேணும்னாலும் நீட்டிக்க இப்படி ஒரு ஏற்பாடு இன்னைக்கு டிவி சீரியல் எழுதறவங்களுக்கே தோணுமான்னு தெரியலை.

தமிழ் வேதாளத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் 'விக்ரம் அண்ட் தி வாம்பயர்'னு இங்கிலீஷ்ல எழுதினது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு 39 வருஷம் முன்னாடி, 1831இலேயே, தமிழ் வேதாளக் கதை இங்கிலீஷ்ல வந்தாச்சு. மொழிபெயர்த்தவர் பெஞ்சமின் கை பாபிங்டன். மெட்ராஸ்ல கம்பெனி உத்தியோகம் பார்த்து, தமிழ் கத்துக்கிட்டு, வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதையையும் 1822இல் இங்கிலீஷ்ல கொண்டு வந்தவர். அப்புறம் ஊருக்குப் போய் டாக்டராகி, தொண்டைக்குள்ள கண்ணாடி விட்டுப் பார்க்கிற கருவியை 1829இல் செஞ்சு காட்டினவரும் இவரேதான். பேசினா ஓடிப்போற வேதாளத்தை மொழிபெயர்த்தவர் குரல்வளையைப் பார்க்கக் கருவி கண்டுபிடிச்சிருக்கார். என்ன பொருத்தம் பாருங்க!

அம்புலிமாமா

பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதைன்னு மெட்ராஸ் அச்சுக்கூடங்கள் போட்டுத் தள்ளின புத்தகம் திண்ணைக்கு ஒண்ணு இருந்த காலம் உண்டு. ஒருத்தர் சத்தமா படிக்க, பத்துப் பேர் கேட்பாங்க. அந்தத் திண்ணையைப் பசங்களுக்குக் கொண்டு வந்தது அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில தெலுங்கு, தமிழ் ரெண்டுலயும் ஆரம்பிச்ச பத்திரிகை. பின்னால பல மொழிக்குப் போச்சு.

மூலத்துல வேதாளம் சொல்ற கதை 25க்குள்ள. மாசம் ஒண்ணு போட்டா ரெண்டே வருஷத்துல முடிஞ்சிடும். அம்புலிமாமாக்காரங்க என்ன பண்ணாங்கன்னா, சட்டகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு உள்ள புதுக் கதையா எழுதிக்கிட்டே போனாங்க. பல பத்தாண்டு! மாசம் தவறாம ராஜா மரம் ஏறினார், மாசம் தவறாம வேதாளம் தப்பிச்சது. "மனம் தளராத விக்கிரமாதித்தன் மாதிரி"ன்னு அரசியல் மேடை வரைக்கும் பேச்சுல வர்றதுக்கு அந்தப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் படத்தை மறக்க முடியுமா? கையில வாள், தோள்ல பிணம், காலடியில மண்டை ஓடு. வரைஞ்சவர் சங்கர், முழுப்பேர் கே.சி.சிவசங்கரன். இவரும் கொங்கு நாட்டுக்காரர்தான், தாராபுரம் பக்கம் காரத்தொழுவு. 1924இல் பிறந்தார், 1952இல் அம்புலிமாமாவுல சேர்ந்தார், பத்திரிகையோட கடைசிக் காலம் வரைக்கும், ஏறக்குறைய 60 வருஷம், அங்கயே வரைஞ்சார். 2020 செப்டம்பர்ல காலமானார். 2021இல் பத்மஸ்ரீ வந்தது, அவர் போனதுக்கப்புறம்.

நாகி ரெட்டியும் சக்ரபாணியும் எடுத்த 'பாதாள பைரவி' (1951) பார்த்தவங்களுக்கு இன்னொண்ணு தோணும். அதுலயும் ஒரு மந்திரவாதி, பலி கொடுக்க ஒரு வீரன் தேடறான், கடைசியில அவனே பலி. வேதாளக் கதையோட முடிவும் அதேதான். 1985இல் ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்காக 'விக்ரம் ஔர் பேதாள்' எடுத்தப்ப, ஹிந்தி தெரியாத நம்ம வீடுகளும் வாயைப் பிளந்து பார்த்ததுக்குக் காரணம், கதை ஏற்கனவே தெரியும்ங்கறதுதான்.

அம்புலிமாமா 1998இல் கொஞ்ச காலம் நின்னு 1999இல் திரும்ப வந்தது. 2007இல் மும்பைக் கம்பெனி ஒண்ணு வாங்கிச்சு. 2012, 2013 வாக்குல மொத்தமா நின்னுபோச்சு. ராஜா அப்ப எந்தக் கதையோட நின்னாரோ அப்படியே நிக்கிறார்.

சரி, ஏன் படிக்கணும்?

மாயம், மந்திரம், பிணம், சுடுகாடு இதெல்லாம் எல்லா சீரிஸ்லயும் உண்டு. வேதாளக் கதையில மட்டும் உண்டானது அந்தக் கேள்வி. கதை முடியற இடத்துல நம்மை நீதிபதி நாற்காலியில உட்கார வெச்சிடுது.

போன மழைக்காலத்துல ஏற்காட்டுல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு வாண்டுங்க அஞ்சு பேர் நம்ம வீட்டுல. வேற வழியில்லாம வேதாளத்தை எடுத்து விட்டேன். முதல்ல மூணு மாப்பிள்ளை கதை. ஒரு பொண்ணைக் கட்டிக்க மூணு பேர் வந்திருக்கான். அவ திடீர்னு செத்துப் போயிடறா. ஒருத்தன் அவ சாம்பல் மேலயே படுத்துக் கிடக்கான். ஒருத்தன் எலும்பை கங்கைக்கு எடுத்துட்டுப் போறான். மூணாமவன் ஊர் சுத்தி, உயிர் கொடுக்கிற மந்திரத்தைக் கத்துட்டு வந்து எழுப்பிடறான். யாருக்கு அவ பொண்டாட்டி? உயிர் கொடுத்தவன் அப்பா முறை, எலும்பைக் கரைச்சவன் மகன் முறை, சாம்பலைக் கட்டிக்கிட்டுக் கிடந்தவன்தான் புருஷன்னு ராஜா சொல்றார். பசங்க ஒத்துக்கிட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும், "அந்தக்கா எழுந்தப்புறம் அவளையே கேட்டிருக்கலாம்ல?"ன்னா. வேதாளம் கேட்காத கேள்வி!

அடுத்து வீரவரன் கதை. ராஜா சூத்ரகன் 3 நாள்ல சாகப் போறான், காவல்காரன் வீரவரன் தன் மகனைத் தேவிக்குப் பலி கொடுத்தா பிழைப்பான். மகன் சம்மதிக்கிறான், பலியாகறான். துக்கத்துல தங்கச்சி சாகறா, அம்மா தீயில விழறா, வீரவரனும் தன்னை வெட்டிக்கறான். மறைஞ்சு பார்த்துக்கிட்டிருந்த சூத்ரகன் தானும் சாகத் துணியறப்ப தேவி வந்து எல்லாரையும் எழுப்பிடறா. இதுல யார் பெரியவன்? விக்கிரமாதித்தன் பதில், சூத்ரகன். வேலைக்காரன் ராஜாவுக்காகச் சாகறது கடமை, ராஜா வேலைக்காரனுக்காகச் சாகத் துணிஞ்சதுதான் பெருசுன்னு.

வேதாளம் சரின்னு மரம் ஏறிடுச்சு. பசங்க ஏறலை. "செத்தது அந்தப் பையன்தானே?"ன்னான் ஒருத்தன். "அவனைக் கேட்டாங்களே, சரின்னானே"ன்னான் இன்னொருத்தன். "எங்கப்பா கேட்டா நானும் சரின்னுதான்டா சொல்லுவேன், அதுக்காக கேட்கலாமா?"ன்னு முதல் ஆள். அப்புறம் அரை மணி நேரம் சண்டை. மெழுகுவத்தி அணைஞ்சதுகூடத் தெரியலை. ராஜா சொன்ன நியாயம் ராஜாக்களுக்கு வசதியான நியாயம்னு பத்து வயசுப் பையன் கண்டுபிடிச்சுட்டான். அதை நான் சொல்லிக் கொடுக்கலை, கதைதான் கொடுத்தது.

தலை மாறின கதையைப் பாருங்க. புருஷன் தலையும் தம்பி தலையும் உடம்பு மாறி ஒட்டிக்கிச்சு, இப்ப யார் புருஷன்? தலை யாருதோ அவன்தான்னு ராஜா ஒரே வரியில முடிச்சுட்டார். தாமஸ் மன் 1940இல் அதை எடுத்து ஒரு நாவலாவே எழுதினார். கிரீஷ் கர்னாட் 1971இல் 'ஹயவதனா' நாடகம் ஆக்கினார். ரெண்டு பேருக்கும் ராஜாவோட பதில் போதலை. பதில் பழசாகும், கேள்வி பழசாகாது.

கடைசிக் கேள்விதான் உச்சம். ஒரு அப்பாவும் மகனும் காட்டுல ரெண்டு பெண்களோட காலடித் தடத்தைப் பார்க்கறாங்க. பெரிய கால்காரி அப்பாவுக்கு, சின்னக் கால்காரி மகனுக்குன்னு பேசிக்கறாங்க. நேர்ல பார்த்தா பெரிய கால் மகளுது, சின்னக் கால் அம்மாவுது. பேசினபடியே கல்யாணம் ஆச்சு. இப்ப ரெண்டு ஜோடிக்கும் பிறக்கிற குழந்தைங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை? ராஜா யோசிச்சு யோசிச்சுப் பார்த்து, ஒண்ணும் புரியாம வாயை மூடிக்கிட்டு நடக்கறார். அப்பதான் வேதாளம் வசப்படுது, சாமியாரோட சதியையும் சொல்லி உயிரைக் காப்பாத்துது. எல்லாம் தெரிஞ்ச ராஜா ஜெயிக்கலை. தெரியலைன்னு சும்மா இருந்த ராஜாதான் ஜெயிச்சார். இந்தப் பாடம் எத்தனை சீரிஸ்ல இருக்கு?

ஏற்காட்டுக்கு வருவோம்

நம்ம சேர்வராயன் மலையிலயும் கதைக்குப் பஞ்சமில்லை. சேர்வராயன் கோயில் குகைக்குள்ள ஒரு வழி இருக்கு, அது காவிரி வரைக்கும் போகுதுன்னு நம்பிக்கை. சேர்வராயரும் காவேரியம்மனும் அங்க ஒண்ணாத்தான் குடியிருக்காங்க. காஞ்சிபுரத்துல இருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேர் ஆளுக்கொரு மலையாப் பிரிஞ்சு போனாங்க, அவங்க வம்சம்தான் நாங்கன்னு மலையாளி மக்கள் சொல்ற கதை சேர்வராயன், கொல்லி, பச்சைமலைன்னு பரவிக் கிடக்கு. சேலத்தைத் தாண்டி தெற்கே கொல்லிமலையில, சிரிச்சு மயக்கி ஆளைக் கொல்ற கொல்லிப்பாவை. சங்கப் பாட்டுலயே பேர் வந்தவ.

1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடி கொண்டு வந்ததுக்கு ஆவணம் இருக்கு. எந்த எஸ்டேட் எத்தனை ஏக்கர்னு கணக்கு இருக்கு. மூணு அண்ணன் தம்பி கதையை முழுசா, எல்லாத் திருப்பத்தோடயும் சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க ஊருக்கு எத்தனை பேர் இருக்காங்க? அவங்க சொல்றதைக் கேட்க பேரப்பசங்க எத்தனை பேர் மலையில இருக்காங்க? பாதிப் பேர் திருப்பூர்லயும் கேரளாவுலயும் வேலையில.

குணாட்யர் மலை மேல உட்கார்ந்து ஏட்டைத் தீயில போட்டப்ப கேட்க மான் கூட்டமாவது இருந்தது. ராஜா லேட்டா வந்தாலும் 1 லட்சம் மிஞ்சினது அதனாலதான். வேதாளம் ஆயிரம் வருஷம் தாண்டி வந்ததுக்கும் காரணம் கல்வெட்டு இல்லை. காஷ்மீர்ல ஒரு ராணி கேட்டா, கொங்கு நாட்டுல ஒரு ஓவியர் வரைஞ்சார், திண்ணையில ஒருத்தர் சத்தமா படிச்சார்.

அதனால பழைய பேப்பர் கடையில அம்புலிமாமா கட்டு கிடைச்சா விடாதீங்க. பெரிய எழுத்துப் புத்தகம் கிடைச்சா இன்னும் நல்லது. மௌனமா படிக்காதீங்க, சத்தமா படிங்க. முக்கியமா, கேள்வி வர்ற இடத்துல புத்தகத்தை மூடிடுங்க. ராஜா பதிலை உடனே சொல்லிடாதீங்க. பசங்க சண்டை போட்டு முடிக்கட்டும்.

பி.கு: அந்த அப்பா மகன் குழந்தைங்க என்ன முறைன்னு பேப்பரும் பென்சிலும் வெச்சு நானும் போட்டுப் பார்த்தேன். பாதி ராத்திரி ஆச்சு. ராஜா வழியே என் வழின்னு படுத்துட்டேன். உங்களுக்கு முடிஞ்சா சொல்லுங்க. தெரிஞ்சும் சொல்லாம போனா என்ன ஆகும்னு தெரியும்ல?